பரோல் அதிகாரி வேலை: உள்ளே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்

வெயில்நதி:

எல்லோருக்கும் வணக்கம். வயது 26, சமூகப்பணி படித்திருக்கிறேன். மூன்று வருடமாக வீடற்றோர் தங்குமிடம் ஒன்றில் இரவு வேலை. கனடாவில் மத்திய அரசின் பரோல் அதிகாரி பணிக்கு (தண்டனை முடியும் முன்பே நிபந்தனையோடு சிறையிலிருந்து வெளியே வருபவர்களைக் கண்காணிக்கும் வேலை) ஆள் எடுக்கிறார்கள் என்று தோழி சுட்டி அனுப்பினாள். தகுதியில் என் பட்டம் அடங்குகிறது. வீட்டில் ஒரே பயம். அம்மாவுக்கு ஜெயில் என்ற சொல்லே போதும், அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

தேடிப் பார்த்தால் வருவதெல்லாம் விளம்பர நடையில்தான் இருக்கிறது: "சமூகத்தில் மாற்றம் ஏற்படுத்துங்கள்", அது இது என்று. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. ஒரு நாள் முழுக்க என்ன செய்வீர்கள்? பயம் உண்டா? பத்து வருடம் செய்தால் மனசு கல்லாகிவிடுமா? உள்ளே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

சும்மாஇரு:

"உள்ளே இருப்பவர்கள்" என்று தலைப்பு போட்டால் வேறு ஆட்கள் பதில் சொல்லிவிடப் போகிறார்கள் :)

சரி, ஒரு சந்தேகம். இதுவும் போலீஸ் மாதிரிதானே? துப்பாக்கி எல்லாம் கொடுப்பார்களா?

கோப்புக்காரி:

14 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் ஐந்து வருடம் சிறைக்குள், அப்புறம் வெளியே. ஊர் பெயர் கேட்காதீர்கள்.

துப்பாக்கி கிடையாது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா போன்ற இடங்களில் பரோல் அதிகாரி ஆயுதம் வைத்திருப்பார், கைதும் செய்வார். இங்கே என்னிடம் இருப்பது ஒரு கைபேசி, ஒரு நோட்டு, கார் டிக்கியில் ஒரு ஜோடி பனிக் காலணி. படங்களில் பார்த்ததை மறந்துவிடுங்கள்.

வேலை இரண்டு வகை. இரண்டு வருடமும் அதற்கு மேலும் தண்டனை பெற்றவர்கள் மத்திய அரசின் பொறுப்பு. அதற்குக் கீழே மாகாணம் பார்த்துக்கொள்ளும். மத்திய அரசின் பரோல் அதிகாரிகளில் ஒரு பகுதி சிறைக்குள்ளேயே மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறோம். புதிதாக ஒருவர் வந்ததும் போலீஸ் அறிக்கை, நீதிபதி சொன்னது, பழைய பதிவுகள் எல்லாவற்றையும் படித்து, அவரோடு மணிக்கணக்காகப் பேசி, ஒரு திட்டம் எழுதுவோம். எது அவரை இங்கே கொண்டுவந்தது, எந்தப் பயிற்சிக்கு அனுப்பலாம், எந்த அளவு பாதுகாப்புள்ள சிறையில் வைக்கலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். வெளியே இருக்கும் பகுதி, அவர் விடுதலையான பிறகு கண்காணிக்கிறது. இருப்பிடம், வேலை, குடி, கூட்டாளிகள், குடும்பம் எல்லாம் எங்கள் பாடு. அபாயம் அதிகம் என்றால் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் சந்திப்பு, நிலைபெற்றுவிட்டார் என்றால் மாதம் ஒன்று.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. நாங்கள் யாருக்கும் பரோல் கொடுப்பதில்லை. கொடுப்பது பரோல் வாரியம். நாங்கள் அறிக்கை எழுதிப் பரிந்துரைக்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு நாள் எப்படி என்று கேட்டாய். முக்கால்வாசி தட்டச்சுதான் தம்பி (தங்கையோ? தெரியவில்லை, மன்னிக்கவும்). ஒருவரோடு இருபது நிமிடம் பேசினால் அதைப் பதிவதற்கு நாற்பது நிமிடம். எழுதப் பிடிக்காதவர்கள் இந்த வேலைக்கு வரவே கூடாது என்பது என் கட்சி. மனிதர்களோடு பழகப் பிடிக்கும் என்று வந்து திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வெயில்நதி:

தங்கைதான் அக்கா :) நன்றி. எழுதுவது இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. தங்குமிடத்தில் நாங்களும் பதிவேடு எழுதுகிறோம், ஆனால் இரண்டு வரிதான்.

தென்னங்கீற்று:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இது வேலை பற்றிய இழை என்று தெரியும். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

என் சித்தப்பா இரவு கடையை மூடும் நேரத்தில் ஒருவன் கொள்ளையடிக்க வந்து தலையில் அடித்தான். சித்தப்பாவுக்கு இன்றைக்கும் ஒரு காது கேட்காது. அவனுக்கு ஆறு வருடம் போட்டார்கள். நான்கு வருடத்தில் வெளியே. யாரைக் கேட்டு விட்டீர்கள்? அவன் வேலை தேடுவதற்கும் வீடு பார்ப்பதற்கும் அரசுச் சம்பளத்தில் ஒரு ஆள். சித்தப்பாவுக்கு அப்படி யார் வந்தார்கள்?

கோப்புக்காரி:

கேட்க வேண்டிய கேள்விதான். மன்னிப்பு எதற்கு?

ஆறில் நான்கு என்றால் அது அநேகமாகப் பரோலே இல்லை. இங்கே மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் முழுப் பரோல் கேட்கும் தகுதி வருகிறது. வாரியம் மறுக்கலாம், பலருக்கு மறுக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு முடிந்தால், ஆயுள் தண்டனைக்காரர்கள் தவிரப் பெரும்பாலானவர்களைச் சட்டமே வெளியே அனுப்புகிறது. யாரும் நற்சான்று கொடுத்து அனுப்புவதில்லை. மிச்சமிருக்கும் அந்த மூன்றில் ஒரு பங்கை எங்கள் கண்காணிப்பில் கழிக்க வேண்டும், நிபந்தனை மீறினால் திரும்ப உள்ளே.

ஏன் அப்படி? ஆறு வருடமும் முழுதாக உள்ளே வைத்தால், கடைசி நாள் காலையில் வாசலில் விட்டுவிட வேண்டியதுதான். அதற்கு மறுநாள் அவன் எங்கே தூங்குகிறான் என்று கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை. நான் அந்த இரண்டு வருடக் கயிற்றையே விரும்புவேன். உங்கள் சித்தப்பாவுக்கு இது ஆறுதல் ஆகாது. ஆகும் என்று நானும் நினைக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். சித்தப்பா பாதிக்கப்பட்டவராகப் பதிவு செய்தாரா? செய்திருந்தால் விடுதலைத் தேதி, எந்தப் பகுதிக்குப் போகிறான், என்னென்ன நிபந்தனை என்பதெல்லாம் அவருக்குச் சொல்லியிருப்பார்கள். தொடர்புகொள்ளக் கூடாது என்று நிபந்தனையும் கேட்கலாம். 2001 முதல் பரோல் விசாரணையில் பாதிக்கப்பட்டவர் தன் அறிக்கையை நேரில் படிக்கவும் முடியும்.

தென்னங்கீற்று:

பதிவு செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. தானாகவே தகவல் வரும் என்றுதான் காத்திருந்தோம். அவன் வெளியே வந்தது, கடைக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

கோப்புக்காரி:

அதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை. கேட்டால்தான் சொல்வார்கள். கேட்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவனுடைய தண்டனைக் காலம் இன்னும் முடியவில்லை என்றால் இப்போதும் பதிவு செய்யலாம். இன்றைக்கே செய்யச் சொல்லுங்கள்.

பழையபுத்தகம்:

ஒரு சின்னக் கிளைக்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். "பரோல்" பிரெஞ்சுச் சொல். வாக்கு என்று பொருள். பிடிபட்ட போர்வீரன் "இனி ஆயுதம் எடுக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போவது பழைய வழக்கம்.

சிறையில் இதன் வேர் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே நார்ஃபோக் தீவில் இருக்கிறது. அலெக்சாண்டர் மக்கோனக்கி என்ற கடற்படைக்காரர் 1840-ல் அங்கே பொறுப்பேற்றார். இத்தனை வருடம் என்று நாளை எண்ணாமல், இத்தனை மதிப்பெண் சேர்த்தால் விடுதலை என்று மாற்றிப் பார்த்தார். உழைப்புக்கும் ஒழுங்குக்கும் மதிப்பெண். கைதிகளைச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார் என்று மேலிடத்தில் புகார் போய், 1844-ல் அவரைத் திருப்பி அழைத்துவிட்டார்கள். அப்புறம் வால்டர் கிராஃப்டன் அயர்லாந்தில் அதே யோசனையை எடுத்து, வெளியே வந்தவரைக் கண்காணிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தார். கனடாவில் 1899-ல் இதற்கென்று ஒரு சட்டம், 1959-ல் பரோல் வாரியம். செல்லம் கொடுக்கிறீர்கள் என்ற புகார் மட்டும் 1840-லிருந்து மாறவே இல்லை.

சும்மாஇரு:

இதைத்தான் நான் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் வாங்கினால் வெளியே விடுவார்கள் என்று புரிந்துகொண்டிருந்தேன்.

இரவுப்பேருந்து:

நான் மறுபக்கத்தில் இருந்து எழுதுகிறேன். என் அண்ணன் பரோலில் இருந்தவர். என்ன குற்றம் என்பதை விட்டுவிடுவோம். குற்றம் செய்தார், அதில் சந்தேகமில்லை.

மூன்று வருடத்தில் நான்கு பரோல் அதிகாரிகள். ஒருவர் மகப்பேறு விடுப்பு, ஒருவர் இடமாற்றம், ஒருவர் நீண்ட மருத்துவ விடுப்பு. ஒவ்வொரு தடவையும் அண்ணன் முதலில் இருந்து கதையைத் தொடங்க வேண்டும். அப்பா அடித்தது, பள்ளியை விட்டது, அந்த இரவு. "எல்லாம் கோப்பில் இருக்கிறது, இருந்தாலும் உன் வாயால் கேட்க விரும்புகிறேன்" என்பார்களாம். நான்காவது ஆள் வந்தபோது அண்ணன் அதை மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பித்தார். அவர் உணர்ச்சி இல்லாமல் பேசுகிறார் என்று அந்த அதிகாரி எழுதினார்.

ஒருவர் அண்ணனின் வேலையிடத்துக்கு ஃபோன் பண்ணி, யார் பேசுகிறேன் என்று வரவேற்பறையிலேயே சொல்லிவிட்டார். முதலாளிக்கு விஷயம் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. இரண்டு வாரத்தில் வேலை போனது. வேறு காரணம் சொன்னார்கள்.

தங்கச்சி வெயில்நதி, வேலைக்குப் போ, நல்லது. ஆனால் இரண்டு வருடத்தில் வேறு பதவிக்குத் தாவுகிற எண்ணம் இருந்தால் வேண்டாம். நீ விட்டுப் போகும் ஒவ்வொரு கோப்பிலும் ஒருத்தர் முதலில் இருந்து கதை சொல்ல வேண்டியிருக்கும்.

தேம்ஸ்கரை:

இங்கிலாந்தில் இருந்து. இங்கே இந்த வேலைக்குப் பெயர் ப்ரொபேஷன் அதிகாரி. சிறையில் இருந்து வருபவர்களையும், சிறைக்கே போகாமல் சமூகத் தண்டனை பெற்றவர்களையும் நாங்களே பார்க்கிறோம்.

இரவுப்பேருந்து சொன்ன ஆள் மாற்றம் எங்களிடமும் ஆறாத புண். 2014-ல் சேவையை இரண்டாக வெட்டினார்கள். அபாயம் கூடியவர்களை அரசு வைத்துக்கொண்டது. மற்றவர்களை 21 நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்து வேலை செய்தவர்கள் வேறு வேறு முதலாளிக்குக் கீழே போனோம். எங்கள் அறையில் நடுவே தடுப்பு வைத்தார்கள். 2021 ஜூனில் திரும்ப எல்லாவற்றையும் ஒன்றாக்கினார்கள். இடையில் போன அனுபவசாலிகள் போனதுதான்.

அப்புறம் 2024 செப்டம்பர். சிறைகள் நிரம்பி வழிந்ததால், பாதித் தண்டனையில் வெளியே வர வேண்டிய பலரை 40 சதவீதத்திலேயே விட்டார்கள். அந்த வாரம் நான் வீட்டில் பிள்ளைகளோடு கதைத்த நேரம் மொத்தம் ஒரு மணித்தியாலம் இருக்காது. விளங்கிக்கொள்ளுங்கள், அரசியல்வாதி ஒரு எண்ணை மாற்றினால் அது எங்கள் மேசையில் ஆட்களாக வந்து நிற்கும்.

சும்மாஇரு:

அமெரிக்காவில் பரோலையே எடுத்துவிட்டார்கள் என்று எங்கோ படித்தேனே?

பழையபுத்தகம்:

எல்லா இடத்திலும் இல்லை, மத்திய அரசு அளவில் எடுத்தார்கள். 1984-ல் சட்டம் போட்டு, 1987 நவம்பரில் இருந்து நடந்த குற்றங்களுக்குப் பரோல் கிடையாது என்றார்கள். சிறை முடிந்த பிறகு கண்காணிப்பு வேறு பெயரில் தொடர்கிறது. மாநிலங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழி.

முன்னாள்7:

ஆறு வருடம் செய்துவிட்டு விட்டவன். கோப்புக்காரி அக்கா சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் என் பதில் வேறு: விண்ணப்பிக்காதே.

அடிதடிக்குப் பயந்து சொல்லவில்லை. அதுவும் உண்டு. 2004-ல் எல்லோநைஃப் நகரில் ஒருவரை வீட்டில் பார்க்கத் தனியாகப் போன பரோல் அதிகாரி கொல்லப்பட்டார். இரண்டு பேராகப் போகும் வழக்கம் அதற்குப் பிறகுதான் வலுப்பெற்றது. ஆனால் ஆறு வருடத்தில் என் மேல் ஒருவரும் கை வைத்ததில்லை. கத்தியிருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

என்னைத் தின்றது வேறு. 2022 செப்டம்பரில் சஸ்காட்செவனில் பதினொரு பேரைக் கொன்றவர், மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும் சட்டமே அனுப்பும் அந்த விடுதலையில் வந்து, மே மாதத்திலிருந்து தலைமறைவாக இருந்தவர். 2020 ஜனவரியில் கியூபெக்கில் ஒரு பெண்ணைக் கொன்றவர் பகலில் வெளியே போய் இரவில் விடுதிக்குத் திரும்ப வேண்டிய பகல்நேரப் பரோலில் இருந்த ஆயுள் கைதி. அவரைக் கவனித்த குழு அவர் பெண்களைச் சந்திக்க ஒத்துக்கொண்ட ஏற்பாடுதான் விசாரணையில் முதலில் அடிபட்டது. இதெல்லாம் செய்தியில் வரும் அன்றைக்கு ஊரே அந்த ஆளின் பெயரைத் தேடும். நாங்கள் எங்கள் பட்டியலைத் திறந்து பார்ப்போம். என்னிடம் இருப்பவர்களில் இது யார்? என் எழுத்தில் எந்த வரியை நாளை விசாரணைக் குழு வாசிக்கும்?

அப்புறம் எல்லோரையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தேன். ஒருவர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் நெஞ்சு அடிக்கும். ஞாயிறு மாலையில் வயிற்றைப் பிசையும். யாரையும் உள்ளே அனுப்பாமல் விட்டதற்காக இரவில் முழித்திருந்தேன். அனுப்பியவர்களுக்காக ஒரு நாளும் முழித்ததில்லை. அதைக் கவனித்த அன்றைக்கு விலகினேன். தேவையில்லாமல் சிலரை அனுப்பியிருக்கிறேன் என்று இப்போது நினைக்கிறேன்.

வெயில்நதி:

அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. இரண்டு முறை படித்தேன்.

"உள்ளே அனுப்புவது" எப்படி நடக்கிறது? நீங்கள் நினைத்தால் உடனே அனுப்பிவிடலாமா?

கோப்புக்காரி:

தனியாக இல்லை. மேற்பார்வையாளரோடு கலந்து பேச வேண்டும். வாரண்டில் கையெழுத்து போடும் அதிகாரம் உள்ளவர் போட வேண்டும். பரோல் நிறுத்தி வைக்கப்பட்டு ஆள் பிடிபட்ட பின் 30 நாளுக்குள் நாங்களே அதை நீக்கி வெளியே விடலாம், இல்லாவிட்டால் வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். வாரியம்தான் ரத்து செய்வதா இல்லையா என்று முடிவெடுக்கும். ஆனால் அந்த முதல் ஃபோன் நான் பண்ணுவது. அங்கே ஆரம்பிக்கிறது எல்லாம்.

முன்னாள்7, நீங்கள் எழுதியதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. நானும் ஞாயிறு மாலைகளை அறிவேன். ஆனாலும் தங்கைக்கு ஒரு கதை சொல்கிறேன். சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒருவருக்கு வரவு செலவைக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை. இன்னொன்று, எந்தப் பெண்ணோடும் புதிதாகப் பழக்கம் ஏற்பட்டால் உடனே சொல்ல வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல். மாதா மாதம் ஒரு செருப்புப் பெட்டியில் ரசீதுகளைக் கொண்டு வருவார். தேதி வாரியாக அடுக்கி, வாரத்துக்கு ஒரு ரப்பர் பேண்டு. என் வங்கிக் கணக்கைக் கூட நான் அப்படி வைத்ததில்லை.

ஒரு மாதம் புரட்டும்போது பார்க்கிறேன், ஒவ்வொரு செவ்வாயும் மாலை நான்கு மணி சுமாருக்கு ஒரே கடை ரசீது. இரண்டு காப்பி. மற்ற நாளெல்லாம் ஒன்று. நான்கு செவ்வாய், நான்கு ரசீது. மறைக்க நினைத்திருந்தால் அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை, ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

"இரண்டாவது காப்பி யாருக்கு?" என்றேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "என் மகள்" என்றார். பத்தொன்பது வயது. இவர் உள்ளே போகும்போது கைக்குழந்தை. அவளாகவே தேடி வந்திருக்கிறாள். அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் வரவிட மாட்டார், அதற்கு அம்மாவிடம் நியாயமான காரணம் இருந்தது. நான் கோப்பில் படித்திருக்கிறேன்.

இப்போது என்ன செய்வீர்கள்? மகள் என்று அவர் சொல்கிறார். நான் நம்பினேன். ஆனால் நம்பினேன் என்று எழுத முடியாது, சரிபார்த்தேன் என்றுதான் எழுத முடியும். எண்ணைக் கேட்டு வாங்கி அந்தப் பெண்ணுக்கு ஃபோன் பண்ணினேன். யார் பேசுகிறேன் என்றதும் மறுமுனையில் மூச்சு சத்தம் மட்டும். "நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உறவை உறுதி செய்துகொண்டு, பதிந்தேன். அம்மாவை அழைக்கவில்லை, அதற்கு அவசியம் இல்லை என்று காரணத்தோடு எழுதினேன்.

அடுத்த செவ்வாய் ஒரு காப்பி. அதற்கடுத்ததும் ஒன்று. ஏழு வாரம் அவள் வரவில்லை.

இரவுப்பேருந்து:

அந்த ஃபோன் தேவையா? நீங்கள் நம்பினீர்கள். ரசீதை அவராகவே கொண்டுவந்து காட்டியிருக்கிறார். கேட்டதும் சொல்லிவிட்டார். விட்டிருக்கலாம். இந்த மாதிரி ஒரு ஃபோன்தான் அண்ணனின் வேலையைத் தின்றது.

முன்னாள்7:

நான் மறுபடி அக்கா பக்கம். அந்தக் கோப்பில் குற்றம் என்ன வகை என்று நமக்குத் தெரியாது. "மகள்" என்று சொல்லப்பட்ட பெண் உண்மையில் யாரோ ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணாக இருந்திருந்தால்? நாளை அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? "அவர் முகத்தைப் பார்த்து நம்பினேன்" என்று விசாரணையில் சொல்ல முடியுமா?

தென்னங்கீற்று:

நான் இந்த இழையில் கோபத்தோடு வந்தவன். இதில் அந்தப் பெண்ணுக்கு ஃபோன் போயிருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் படுகிறது. அவரைச் சந்தேகித்து இல்லை. அந்தப் பெண்ணிடமும் ஒருவர் "நீ சரியாக இருக்கிறாயா" என்று கேட்க வேண்டும் அல்லவா? அவளும் ஒரு வகையில் பாதிக்கப்பட்டவள்தானே.

கோப்புக்காரி:

தென்னங்கீற்று, நான் அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. உறவை உறுதி செய்வதோடு நின்றுவிட்டேன். இப்போதென்றால் கேட்பேன்.

இரவுப்பேருந்து, தேவையா என்றால் தேவைதான், இன்றைக்கும் பண்ணுவேன். ஆனால் ஒன்று: முதலில் அவரைவிட்டே மகளிடம் சொல்லச் சொல்லியிருக்கலாம். "இப்படி ஒருவர் கூப்பிடுவார், பயப்படாதே" என்று. ஒரு நாள் பொறுத்திருந்தால் போதும். அவசரப்பட்டேன். அன்றைக்கு மாலை ஐந்துக்குள் பதிவு முடிய வேண்டும் என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட கெடு.

எட்டாவது வாரம் இரண்டு காப்பி வந்தது. அதற்குமேல் சொல்ல மாட்டேன், அது அவர்கள் கதை.

வெயில்நதி:

இந்தக் கதையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு யார் சொல்வது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். ஆனால் சாப்பிட்டார்.

விண்ணப்பிப்பது என்று முடிவு. முன்னாள்7 அண்ணா, கோபிக்க வேண்டாம். எதைத் தயார் செய்ய வேண்டும்?

முன்னாள்7:

கோபம் எதற்கு? போ. ஆனால் போன முதல் நாளே உன்னோடு மனம்விட்டுப் பேச வேலைக்கு வெளியே ஒரு ஆளை வைத்துக்கொள். கணவனோ காதலனோ அம்மாவோ வேண்டாம். பணம் கொடுத்துப் பேசும் ஆள். நான் ஐந்தாவது வருடத்தில்தான் போனேன்.

தேம்ஸ்கரை:

படிக்க வேண்டியது என்றால்: அபாயம், தேவை, அவர் எப்படிச் சொன்னால் ஏற்றுக்கொள்வார் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் முறை. கனடாவைச் சேர்ந்த ஆண்ட்ரூஸ், போண்டா என்ற இருவரின் உழைப்பு அதில் பெரிது. உலகம் முழுக்க அதைத்தான் பாடமாக வைக்கிறார்கள். அபாயம் குறைந்தவரைப் போட்டு வறுத்தெடுத்தால் அவர் இன்னும் கெடுவார் என்பது அதில் முக்கியமான சங்கதி. புதிதாக வருபவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் தவறவிடுவார்கள். நல்ல பிள்ளையைப் பார்ப்பது சுகமான வேலை அல்லவா!

கோப்புக்காரி:

அதோடு, ஒருவர் மறுபடி குற்றம் செய்யும் அபாயத்துக்கு மதிப்பெண் போடும் கருவிகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. கனடாவின் பூர்வகுடிக் கைதி ஒருவர், இந்தக் கருவிகள் எங்கள் மக்களுக்குப் பொருந்துமா என்று சோதித்தீர்களா என்று கேட்டு வழக்குப் போட்டார். 2018-ல் உச்ச நீதிமன்றம், சோதிக்கத் தவறியது சட்டக் கடமையை மீறியதுதான் என்று சொன்னது. நேர்காணலில் இதைப் பற்றிக் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே எழுத்து. தங்குமிடப் பதிவேட்டில் எழுதும் இரண்டு வரி என்றாயே, ஒன்றை இங்கே போடு பார்ப்போம். ஆளை அடையாளம் காட்டாத மாதிரி.

வெயில்நதி:

பயமாக இருக்கிறது, இருந்தாலும் இதோ:

"இரவு ஒருவர் குடித்துவிட்டு வந்து தகராறு செய்தார். ஒத்துழைக்கவில்லை. வெளியே அனுப்பப்பட்டார்."

கோப்புக்காரி:

குடித்திருந்தார் என்று எப்படித் தெரியும்? பார்த்தாயா, முகர்ந்தாயா, யாராவது சொன்னார்களா? தகராறு என்றால் என்ன செய்தார்? எதற்கு ஒத்துழைக்கவில்லை, நீ என்ன கேட்டாய்? "அனுப்பப்பட்டார்" என்று எழுதியிருக்கிறாய். அனுப்பியது யார்? காற்றா?

திட்டுகிறேன் என்று நினைக்காதே. நானும் இப்படித்தான் எழுதினேன். இந்த மூன்று வாக்கியத்தை வைத்து ஒருத்தரைக் கெட்டவர் என்று சொல்லிவிடலாம், நாளை யாரோ இதையே எடுத்து அவருடைய அறிக்கையில் ஒட்டுவார்கள். பத்து வருடம் கழித்தும் "தகராறு செய்யும் சுபாவம்" என்று அது அவரோடு நடந்து வரும். இரவுப்பேருந்தின் அண்ணனுக்கு "உணர்ச்சி இல்லை" என்று வந்ததே, அந்த மாதிரி.

இன்னொரு முறை எழுது.

வெயில்நதி:

ஒரு மணி நேரம் ஆகிவிட்டது அக்கா.

"இரவு 11.40-க்கு வந்தார். பேச்சு குழறியது, பக்கத்தில் போனபோது மது வாடை இருந்தது. உள்ளே வரப் பையைச் சோதிக்க வேண்டும் என்றேன். பையை மார்போடு அணைத்துக்கொண்டு 'தொடாதே' என்று மூன்று முறை சத்தமாகச் சொன்னார். யாரையும் தள்ளவில்லை, அடிக்கவில்லை. சோதிக்காமல் அனுமதிக்க முடியாது என்று நான் சொன்னேன், 11.55-க்குப் போய்விட்டார். வெளியே மைனஸ் 9. வேறு தங்குமிடத்தின் எண்ணை எழுதிக் கொடுத்தேன். பையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை."

கோப்புக்காரி:

சரி. தேதி எங்கே?